ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள்: லானோ காலனிச் சிறுவன் ஒருவனைப் பதிவேடுகளில் தேடியபோது

கிரெகரி எய்ன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரைப் பற்றி எதைப் படித்தாலும் ஆரம்பத்திலேயே ஒரு வரி வந்துவிடும்: 1908-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார், லாஸ் ஏஞ்சலிஸில் லிங்கன் ஹைட்ஸ் பகுதியில் வளர்ந்தார், சின்ன வயதில் சில காலம் குடும்பத்தோடு லானோ டெல் ரியோ என்ற கூட்டுறவுக் காலனியில் இருந்தார். அடுத்த வரியில் ஆள் கல்லூரிக்குப் போய்விடுவார். அந்தச் ‘சில காலம்’ அவரை என்ன செய்தது என்று கேட்டால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். சோஷலிஸ்ட் காலனியில் ஓடி விளையாடிய பையன், அதனால்தான் பெரியவனானதும் கூட்டுறவு வீடுகள் கட்டினான் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பதிவேடுகள் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்பதுதான் என் கேள்வி.

முதலில் இடத்தைப் பார்ப்போம். காலனியைத் தொடங்கிய ஜாப் ஹாரிமன் ஒரு சோஷலிஸ்ட் வக்கீல். 1900 தேர்தலில் யூஜின் டெப்ஸ் அதிபர் பதவிக்கு நின்றபோது துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். 1911-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மேயர் தேர்தலில் இறங்கினார், முதல் சுற்றில் முன்னிலையும் பெற்றார். அதே சமயத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் அலுவலகக் குண்டுவெடிப்பு வழக்கில் மெக்நமாரா சகோதரர்களுக்காக வாதாடும் வக்கீல் குழுவிலும் இருந்தார். கடைசி வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போது சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள், தேர்தலும் கையை விட்டுப் போனது. ஓட்டு வாங்கி மாற்றுவதெல்லாம் அப்புறம், முதலில் சோற்றுக்கு வழி செய்துகாட்டினால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1914 மே 1 அன்று, சான் கேப்ரியல் மலைக்கு வடக்கே, மொஹாவி பாலைவனத்தின் ஓரத்தில், பிக் ராக் ஓடைத் தண்ணீரை நம்பி லானோ டெல் ரியோ தொடங்கியது. ஆரம்பத்தில் ஐந்து குடும்பங்கள், சில பன்றிகள், ஒரு ஜோடிக் குதிரை, ஒரு மாடு. மூன்றே வருஷத்தில் ஜனத்தொகை ஆயிரத்தை நெருங்கியது.

சேருவதற்குக் காசு வேண்டும். ஒரு உறுப்பினர் ஒரு டாலர் வீதம் 2,000 பங்கு எடுக்க வேண்டும். கொஞ்சத்தை ரொக்கமாகக் கட்டிவிட்டு, மீதியைத் தினக்கூலி நான்கு டாலரில் ஒரு டாலர் பிடித்துக் கழித்துக்கொள்ளலாம். கூலி பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தோடு சரி, கையில் ரொக்கம் புரண்டது குறைவு. நம்மைப் போலத் தேடுகிறவர்களுக்கு இதில் முக்கியமான விஷயம், இந்தக் கணக்கெல்லாம் பெரியவர்களைச் சுற்றியது என்பது. ஆறு வயதுப் பையனுக்குப் பங்கும் கிடையாது, கூலியும் கிடையாது. அவன் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவன், அவ்வளவுதான்.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒருமுறை. 1910-ல் கணக்கு நாள் ஏப்ரல் 15, எய்னுக்கு அப்போது இரண்டு வயது. அடுத்தது 1920 ஜனவரி 1, அப்போது பதினொன்று. லானோ 1914-ல் பிறந்து 1918-ல் திவாலாகிவிட்டது. ஒரு ஊரே உருவாகி, ஆயிரம் பேர் குடியேறி, பள்ளிக்கூடம் நடத்தி, பத்திரிகை போட்டு, சண்டை போட்டுக் கலைந்தும் போயிருக்கிறது, இரண்டு கணக்கெடுப்பிலும் அதன் நிழல்கூட விழவில்லை. சில மாநிலங்கள் இடையில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தாங்களாகவே கணக்கெடுத்தன, அது இருந்தால் தப்பித்திருக்கலாம். கலிபோர்னியா அப்படி எடுத்தது ஒரே தடவை, அதுவும் 1852-ல். ஆக, லானோவில் இருந்த எந்தக் குழந்தையானாலும் அந்த நாலு வருஷத்துக்கான கட்டத்தை, எய்னுக்கு ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை, அரசாங்கப் பட்டியலை வைத்து நிரப்ப முடியாது.

அப்படியானால் எங்கே பார்ப்பது? நகர முகவரிப் புத்தகம் ஒன்று. லாஸ் ஏஞ்சலிஸில் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. வீட்டுத் தலைவர் பெயர், தொழில், தெரு எல்லாம் இருக்கும். குழந்தைகள் இருக்கமாட்டார்கள். ஆனால் அப்பா பெயர் நடுவில் ஓரிரு வருஷம் காணாமல் போய் மறுபடி வந்தால் அது ஒரு குறிப்பு. வெறும் குறிப்புதான், ஏனென்றால் வாடகை வீடு மாறியபோது விட்டுப்போன பெயர்களும் அதில் ஏராளம். இதைவிட நல்ல தாள் குடியுரிமை மனு. எய்னின் பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தவர்கள், சோஷலிஸ்டுகள். 1906 சட்டத்துக்குப் பிறகு குடியுரிமை கேட்பவர்களின் மனு நாடு முழுவதும் ஒரே அச்சுப் படிவமாகிவிட்டது. அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர், இப்போது எங்கே வசிக்கிறது என்பதற்குத் தனித்தனியாக இடம் விட்டிருப்பார்கள். மனுதாரர் ஐந்து வருஷமாகத் தொடர்ந்து நாட்டில் இருந்ததற்குச் சாட்சி சொல்ல இரண்டு பேர் வேறு வேண்டும். வந்தேறிகளின் பிள்ளைகளைத் தேடும்போது நான் முதலில் கேட்கும் தாள் இது. காலனி தன்னைப் பற்றிப் போட்ட விளம்பரங்களைவிட இதில் குழந்தை தெளிவாகத் தெரியும்.

காலனி தன்னைப் பற்றித் தானே எழுதியதுதான் அடுத்த ஆதாரம், அது நிறையவே இருக்கிறது. வெஸ்டர்ன் காம்ரேட் என்ற மாத இதழ் காலனியின் கைக்கு வந்தது, பிறகு லானோ காலனிஸ்ட் என்ற வாரப் பத்திரிகை. இரண்டையும் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது, இவை பங்கு விற்க அச்சடித்தவை. அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர் வயல், பேரிக்காய்த் தோட்டம், பால் பண்ணை, மர அறுவை ஆலை, சுண்ணாம்புச் சூளை எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் செழித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் தகராறும் சாப்பாட்டில் திரும்பத் திரும்ப ஒரே அயிட்டம் வருகிற புலம்பலும் வேறு இடத்திலிருந்துதான் கிடைக்கும். பிள்ளைகள் பற்றி பத்திரிகைக்கு ரொம்பப் பெருமை. கலிபோர்னியாவின் ஆரம்ப கால மாண்டிசோரி பள்ளிகளில் ஒன்று அங்கே நடந்தது, பாலைவன வெயிலில் சின்னஞ்சிறுசுகள் வரிசையாக நிற்கும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. பெரிய பிள்ளைகளுக்கு ஜார்ஜ் பிக்கெட் நடத்திய தனிக் குட்டிக் காலனி. அங்கே பையன்கள் தாங்களே ஆடு மாடு பார்த்து, தோட்டம் போட்டு, கட்டட வேலையும் செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்குக் கை அரிக்கும். பார்த்தீர்களா, பையன்களே கட்டடம் கட்டினார்கள், அதில் ஒருவன் பின்னாளில் கட்டடக் கலைஞர்! இதைவிடப் பெரிய தூண்டில் இன்னொன்றும் இருக்கிறது. காலனிக்கு நிரந்தர நகரம் வரையச் சொல்லி ஹாரிமன் அழைத்தது ஆலிஸ் கான்ஸ்டன்ஸ் ஆஸ்டின் என்ற பெண்ணை. முறையாகக் கட்டடக்கலை படித்தவர் இல்லை. அவர் வரைந்தது வட்ட வடிவ நகரம். வீடுகளில் சமையலறையே கிடையாது. பொதுச் சமையல்கூடத்திலிருந்து சாப்பாடும், சலவைக்கூடத்திலிருந்து துணியும் தரைக்கடியில் சுரங்கப் பாதை வழியாக வீடு தேடி வரும். கம்பளம் தூசி சேர்க்கும், அது வேண்டாம், தரையையே சூடாக்கிவிடலாம். திரைச்சீலை துவைக்க வேண்டாம், ஜன்னல் சட்டத்திலேயே அலங்காரம் செய்துவிடலாம். பெண்களின் வீட்டு வேலையை எப்படிக் குறைக்கலாம் என்று ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 1948-ல் எய்ன் மார் விஸ்டாவில் கட்டிய வீடுகளைப் பாருங்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே முழுச் சுவர் இல்லை, அடுப்படியில் நின்றபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், அறைகளுக்கு இடையில் தள்ளு சுவர். கோடு போட்டு இரண்டையும் இணைத்துவிட யாருக்குத்தான் ஆசை வராது!

நான் இணைக்கமாட்டேன். ஆஸ்டினின் நகரம் கட்டப்படவே இல்லை. அது வரைபடமாகவும் மாதிரியாகவும் இருந்தது. பிள்ளைகள் நிஜத்தில் பார்த்தது கூடாரம், மண் செங்கல் வீடு, ஆற்றுக் கல்லில் எழுப்பிய பெரிய கணப்படுப்புகள். அது மட்டுமில்லை, எய்னின் கூட்டு வாழ்க்கை ஆர்வத்துக்கு இன்னொரு வழி பதிவாகவே இருக்கிறது. பதின்ம வயதில் அவர் கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷிண்ட்லரின் கிங்ஸ் ரோடு வீட்டைப் பார்த்துத்தான் கட்டடக்கலை பக்கம் திரும்பினார் என்பது பலரும் சொல்லும் செய்தி. 1922-ல் கட்டிய அந்த வீடே இரண்டு தம்பதிகள் ஒரே சமையலறையைப் பங்கிட்டு வாழ்வதற்கென்று போட்ட திட்டம். அதற்கப்புறம் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்தப் பழைய பாணிப் பாடம் பிடிக்காமல் விட்டு, 1930 முதல் 1935 வரை இன்னொரு கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நாய்ட்ராவிடம் வேலை. இருக்கிற ஆதாரத்தை விட்டுவிட்டு ஆறு வயது மூளைக்குள் போய்த் தேடுவானேன்?

காலனிக்கதையை ரொம்ப இனிப்பாக்க முடியாதபடி இன்னொரு தாள் இருக்கிறது. காலனியின் இதழே அச்சடித்த விதி, வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம். கறுப்பர்கள், இந்தியர்கள், சீனர் ஜப்பானியர் வகையறா, மலாய்க்காரர்கள் எல்லோரிடமிருந்தும் விண்ணப்பம் வந்ததாகவும், தள்ளிவிட்டதாகவும், அது இன வெறுப்பினால் அல்ல, இனங்களைக் கலந்து குடிவைப்பது உசிதமாகப் படவில்லை என்றும் ரொம்ப மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள். சோஷலிச ஊருக்கு மனு போட்ட இந்தியர் யாராக இருந்திருப்பார் என்று யோசித்தால் கதையே வேறு பக்கம் போகும், இப்போது வேண்டாம். இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் தள்ளி ரெசீடாவுக்கு வாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டுக்கு அடிதடி. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ரெசீடாவில் 100 ஏக்கர், 280 குடும்பங்கள் சேர்ந்து கம்யூனிட்டி ஹோம்ஸ் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம். எய்னும் அவருடைய கூட்டாளிகள் ஜோசஃப் ஜான்சன், ஆல்ஃபிரெட் டே இருவரும் வீடுகளுக்குப் பொறுப்பு, தோட்ட அமைப்பு காரெட் எக்போ. வீட்டுக்கு வீடு வேலி போட்டு அடைக்காமல் நடுவே பூங்காப் பட்டைகள் ஓடும் திட்டம். சங்கத்தில் வெள்ளையர் அல்லாத குடும்பங்களும் இருந்தன. விவகாரம் அங்கேதான் வெடித்தது.

இங்கே கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகம், சுருக்கமாக எஃப்ஹெச்ஏ, எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். 1934-ல் வந்த அமைப்பு. அது கடன் கொடுப்பதில்லை, வங்கி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும். உத்தரவாதம் இல்லையென்றால் இவ்வளவு பெரிய திட்டத்துக்கு வங்கி திரும்பிக்கூடப் பார்க்காது. அதன் 1938 கையேடு, குடியிருப்புப் பத்திரங்களில் குறிப்பிட்ட இனத்தாருக்கு மட்டும் என்று நிபந்தனை எழுதுவதைச் சிபாரிசே செய்தது. கலப்புக் குடியிருப்பு என்றால் மதிப்பு இறங்கும், மதிப்பு இறங்கினால் கடன் முங்கும் என்பது அவர்கள் வாதம். கம்யூனிட்டி ஹோம்ஸுக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது. சங்கம் கலைந்தது, ஒரு வீடுகூட எழும்பவில்லை. இனக்கட்டுப்பாட்டு நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-ல் தீர்ப்புச் சொன்னது. எஃப்ஹெச்ஏ அசைந்து கொடுக்க அதற்கு மேலும் இரண்டு வருஷம் ஆனது, 1950 பிப்ரவரிக்குப் பிறகு பதிவாகும் நிபந்தனைகளுக்குத்தான் அதன் புது விதி பொருந்தியது.

ஆக, காலனி வெள்ளையர் அல்லாதவர்களுக்குக் கதவைச் சாத்தியது. காலனியில் இருந்த பையன் வளர்ந்து, அவர்களும் சேர்ந்திருந்ததால் கடனே கிடைக்காத ஒரு சங்கத்துக்கு வீடு வரைந்தான். லானோ அவரை உருவாக்கியது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு தாளையும் ஒரே மேசையில் வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், லானோவிலிருந்து ரெசீடாவுக்குப் பதிவேடுகள் வழியாக நிஜமாகவே ஓடும் கோடு கொள்கையில் இல்லை, இரண்டும் எப்படிச் செத்தன என்பதில் இருக்கிறது. லானோவுக்கு அணை கட்டினால்தான் தண்ணீர், தண்ணீர் இருந்தால்தான் ஊர். அணைக்கான விண்ணப்பத்தை மாநில நிறுவன ஆணையர் தள்ளினார், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஓடை உரிமைக்கு வழக்குப் போட்டார்கள். உள்ளேயும் கோஷ்டிப் பூசல், ஹாரிமனை எதிர்த்தவர்கள் பாலைவனப் புதர்ச் செடியின் கிளையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். இருந்தாலும் கழுத்தைப் பிடித்தது தண்ணீரும் ஒரு அனுமதிக் கையெழுத்தும்தான். ரெசீடாவிலும் அதேபோல ஒரு கையெழுத்துத்தான் விழாமல் போனது. உறுப்பினர்கள் பணமும் உழைப்பும் போடத் தயாராக இருந்தார்கள், வெளியே ஒரு அலுவலகம் முடியாது என்றது. நன்றாகத் தேடினால் இந்த ‘முடியாது’கள்தான் அதிகம் கிடைக்கும். கேட்டதற்கு ஒரு தாள், மறுத்ததற்கு ஒரு தாள் என்று கோப்பில் சேர்ந்துவிடும் அல்லவா.

எய்ன் சின்ன அளவில் செய்தவை நடந்தன என்பதும் கவனிக்க வேண்டியது. சில்வர் லேக்கில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய அவெனல் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அல்டடீனாவில் 60 திட்டமிட்டு 28 கட்டினார்கள். மார் விஸ்டாவில் நூற்றுச் சொச்சம் திட்டமிட்டு 52. அந்த 52-ஐ 2003-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது.

1940-களிலிருந்து எஃப்பிஐ எய்னைக் கவனித்து வந்தது. அமெரிக்காவின் மிக ஆபத்தான கட்டடக் கலைஞர் என்று எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவர் சொன்னதாக ஒரு வாசகம் கட்டுரைக்குக் கட்டுரை தாவிக்கொண்டிருக்கிறது. யார் குறிப்பில், எந்தத் தேதியில் என்று இல்லாமல் திரிகிற வாசகத்தை நான் மேற்கோளாகச் சேர்ப்பதில்லை. ஆனால் கண்காணிப்புக் கோப்பு என்ற வகையை இந்த மாதிரித் தேடலில் விடக் கூடாது. பிறந்த ஊர், பெற்றோர், குடியிருந்த முகவரிகள், யாரோடு பழகினார் என்று ஒருவரைப் பிடிக்காதவர்கள் அவரைப் பற்றிச் சேகரிக்கிற அளவுக்குச் சொந்தக்காரர்கள்கூடச் சேகரிப்பதில்லை. இறந்தவர் என்பதற்கு ஆதாரம் காட்டினால் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்கலாம். கறுப்பு மை அடித்த பக்கங்களோடு வரும். அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு துப்புக்காரர் சொன்னது என்ற நினைப்போடுதான் வாசிக்க வேண்டும். இதே மனிதர்தான் போர்க்காலத்தில் வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியிடம் தலைமைப் பொறியாளராக இருந்து, காயம்பட்ட சிப்பாய்களின் காலுக்குக் கட்டும் ஒட்டுப்பலகை அணைப்புகள் செய்யும் வேலையில் இருந்தவர். 1940-ல் வீட்டு வசதி ஆய்வுக்கு குகன்ஹைம் நல்கை பெற்றவரும் இவரே. 1945-ல் தொடங்கிய கேஸ் ஸ்டடி ஹவுஸ் என்ற புகழ்பெற்ற மாதிரி வீட்டுத் திட்டத்தின் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை. அரசியல்தான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள், இருக்கலாம். ஒரு பெயர் இல்லாததை வைத்துக் காரணத்தை எழுதுவது எனக்கு உவப்பில்லை.

ஆட்களை மட்டுமல்ல, வீட்டையே தொலைத்த கதையும் இதில் உண்டு. 1950-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் தோட்டத்தில் எய்னின் முழு அளவு வீடு ஒன்றைக் கட்டி ஜனங்களுக்குக் காட்டியது. கண்காட்சி முடிந்ததும் வீடு என்ன ஆனது என்று பல வருஷம் ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2021-ல் செய்தி வந்தது, நியூயார்க் மாநிலத்திலேயே க்ரோட்டன்-ஆன்-ஹட்சனில், ஆட்கள் குடியிருக்கும் சாதாரண வீடாக நின்றுகொண்டிருக்கிறதாம். சொத்து ஆவணம், வரி ரசீது எல்லாம் இருக்கிற வீடுதான், அதற்கும் அருங்காட்சியகத்துக்கும் உள்ள தொடர்பைத்தான் யாரும் எங்கேயும் கோத்து வைக்கவில்லை.

எய்ன் 1963 முதல் 1967 வரை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறைத் தலைவராக இருந்துவிட்டு லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பி, 1988-ல் காலமானார். வரைபடங்களும் தாள்களும் சான்டா பார்பரா பல்கலைக்கழகத் தொகுப்பில் இருக்கின்றன. லானோ தாள்கள் ஹன்டிங்டன் நூலகத்தில். காலனி நின்ற இடம் 138-ஆம் எண் மாநிலச் சாலையோரம், கலிபோர்னியாவின் 933-ஆவது வரலாற்றுச் சின்னம். கல் கணப்படுப்புகளும் தூண்களும் மிச்சம்.

வேறொரு லானோ பிள்ளையைத் தேட நினைப்பவர்களுக்கு, குடும்பம் 1917 வாக்கில் லூசியானாவுக்குப் போனதா இல்லையா என்பதை முதலில் பாருங்கள். வெர்னன் மாவட்டத்தில் லீஸ்வில் பக்கம் நியூலானோ என்ற பெயரில் காலனி 1930-களின் கடைசி வரை ஓடியது. அங்கே போனவர்களை 1920, 1930 கணக்கெடுப்புகளில் வீடு வீடாகப் பெயர், வயது, பெற்றோர் பிறந்த நாடு வரை பார்க்கலாம், லானோ காலனிஸ்ட் வாரப் பத்திரிகையும் அங்கிருந்து தொடர்ந்து வந்தது. போகாமல் லாஸ் ஏஞ்சலிஸுக்கே திரும்பிய குடும்பமாக இருந்து, அப்பா வெளிநாட்டில் பிறந்தவராகவும் இருந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தின் ரிவர்சைடு கிளையில் கூட்டாட்சி நீதிமன்றக் குடியுரிமை மனுக்களிலிருந்து தொடங்குங்கள். மனுத் தேதி 1914-க்கும் 1918-க்கும் நடுவில் விழுந்திருந்தால் பிள்ளைகள் வசிக்கும் இடம் என்ற வரியை முதலில் பாருங்கள்.